சட்டியை ஒளித்து வைக்காதீர்கள்

கொல்லிமலை, செம்மேட்டில் நாய் வளர்ப்போரிடையே கால்நடை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்



"நாய் ஒண்ணுக்குப் போறதைப் பத்தி மைக் வெச்சு ஒரு கூட்டமா?" என்று வாசலில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. கேட்டவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நியாயமான கேள்வி. மாடு கறவை குறைந்தால் மறுநாளே டாக்டரைத் தேடுகிறோம். ஆடு கழிந்தால் சாயங்காலத்துக்குள் ஆள் அனுப்புகிறோம். நாய் மட்டும் மூன்று நாள் சோறு தின்னாமல் சுருண்டு படுத்த பிறகுதான் நம் கண்ணில் படுகிறது. அதற்குப் பல வாரங்கள் முன்பே அது ஒரு சேதி சொல்லியிருக்கும். வைத்த தண்ணீரையெல்லாம் நக்கி நக்கிக் காலி செய்திருக்கும். நடுராத்திரியில் கதவைப் பிராண்டியிருக்கும். ஒருநாளும் வீட்டுக்குள் அசிங்கம் செய்யாத நாய், படுத்திருந்த சாக்கை நனைத்திருக்கும்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? நாலு திட்டு திட்டுவோம். பிறகு தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக் கூரை மேல் வைத்துவிடுவோம். "குடிச்சாத்தானே போகும்?" இதைச் சொல்லாத வீட்டை நான் மலையிலும் பார்த்ததில்லை, கீழே சேந்தமங்கலத்திலும் பார்த்ததில்லை. இந்த ஒரு வாக்கியம் தப்பு என்று சொல்வதற்குத்தான் இன்று வந்திருக்கிறேன்.

15 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் 60 லிட்டருக்கு மேல் வடிகட்டுகின்றன. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு நீர் ஏது என்று தோன்றும். இருக்கிற நீரே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து வடிகிறது. வடிந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை உடம்பு மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சுவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் முன்பின். வேலியோரம் காலைத் தூக்கி நாய் விடுவது அந்த மிச்சத்தைத்தான்.

இந்த மறு உறிஞ்சல் ஒழுங்காக நடக்க, மூளையின் அடியில் ஊறும் ஒரு ஹார்மோன் "நீரைப் பிடித்து வை" என்று உத்தரவு அனுப்ப வேண்டும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். குழாய்களைச் சுற்றி உப்பின் அடர்த்தி சரியாக இருக்க வேண்டும். குழாய்க்குள் ஓடும் நீரில் சர்க்கரை மாதிரி வேண்டாத பொருள் கலந்திருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று கெட்டாலும் பிடித்து வைக்க வேண்டிய நீர் ஓடிவிடும். ஒரு பங்கு கூடுதலாக ஓடினாலே, அரை லிட்டர் போகிற இடத்தில் ஒரு லிட்டருக்கு மேல் போகும். உடம்பு வறளும். வறண்ட உடம்பு தண்ணீர் கேட்கும். ஆக, தாகம் எடுத்துக் குடிக்கிற நோய் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒண்ணுக்குப் போவது முதலில் கூடுகிறது, குடிப்பது பிறகுதான் கூடுகிறது. போனதை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. நாம் சட்டியை எடுத்துவிட்டால் போவது நிற்காது, ஈடுகட்டுவது மட்டும் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் கண் உள்ளே போகும், ஈறு ஒட்டும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், சமாளித்துக்கொண்டிருந்த நாய் படுத்துவிடும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து, பொழுது போகாமல் குடித்துக் குடித்துப் பழகின நாய்களும் உண்டு. ஆனால் அவை சொற்பம். உங்கள் நாய் அந்த ரகமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், கூரை மேலே போன சட்டி முடிவு செய்ய வேண்டாம்.

சரி, அதிகம் என்றால் எவ்வளவு? "நிறையக் குடிக்குதுங்க" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. அளந்து சொல்ல வேண்டும். முதலில் நாயை நிறுங்கள். மிளகு மூட்டையும் காப்பி மூட்டையும் நிறுக்கிற எடைமெஷின் இல்லாத ஊர் இங்கே இல்லை. நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். அடுத்து, காலையில் லிட்டர் பாட்டிலால் அளந்து சட்டியில் ஊற்றுங்கள். தீரத் தீர அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து கழியுங்கள். நல்ல நாய் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 15 கிலோ நாய்க்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் வரை பரவாயில்லை. ஒன்றரை லிட்டர் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது. மூன்று நாள் அளந்தால் போதும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் அந்த மூன்று நாளும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஓடைப் பக்கம் போய்க் குடித்து வருகிற நாயையும் கட்டித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் கணக்கு கணக்காக இருக்காது.

அளந்து கூடுதலாக வந்தாலும் உடனே பயந்துவிட வேண்டாம். என்ன தின்றது என்று முதலில் பாருங்கள். சாமைக் கஞ்சியும் பழைய சோற்று நீராகாரமும் குடிக்கிற நாய்க்குத் தீனியிலேயே தண்ணீர் போய்விடுகிறது. அது சட்டியைத் தொடாமலேகூட ஒரு நாளை ஓட்டும். அதே வீட்டில் பையன் நாமக்கல்லிலிருந்து ஒரு லேப்ரடார் குட்டியை வாங்கி வந்து கடைத் தீனி போடுகிறான். அந்த உருண்டையில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட ஈரம் இருக்காது. அது மடக்கு மடக்கென்று குடிக்கத்தான் செய்யும். தாத்தா தன் நாட்டு நாயோடு ஒப்பிட்டு, "இதுக்கு என்னமோ சீக்கு" என்கிறார். சீக்கு இல்லை, தீனி வேறு, அவ்வளவுதான். கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோறு, குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற தாய், பங்குனி சித்திரை வெயில், பன்றி விரட்டி மரவள்ளிக் காட்டில் ராத்திரி முழுக்க ஓடிய ஓட்டம், எல்லாமே தாகம் கூட்டும். காரணம் போனால் தாகமும் போய்விடும். காரணமே இல்லாமல், மார்கழிக் குளிரில் நீங்கள் கம்பளிக்குள் நடுங்கும்போதும் நாய் சட்டியை விட்டு நகரவில்லை என்றால், அந்தத் தாகம் வேறு.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி போவது வேறு, அதிகமாகப் போவது வேறு. பத்து இடத்தில் குந்தி, முக்கி முக்கி, சொட்டுச் சொட்டாக விடுகிற நாய்க்குச் சிறுநீர்ப்பையில் கிருமியோ கல்லோ இருக்கலாம். அதற்குத் தாகம் கூடியிருக்காது. ஆண் நாய் முற்றிலும் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் வராமல் தவித்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும், மறுநாள் என்பதே கிடையாது. கல்லுக்குக் கல் காலைத் தூக்குவது எல்லை குறிப்பது, நோயாகாது. தூக்கத்தில் தானாக ஒழுகுவது கருப்பை எடுத்த சில பெட்டை நாய்களுக்கு வரும், அதற்கு மருந்து உண்டு. நான் இங்கே பேசுவது, போகும்போதெல்லாம் குளம் கட்டுகிற நாயைப் பற்றி.

அதில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் சர்க்கரை நோய். இதன் வரலாற்றைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதி வேண்டும். காரணம், மனிதனின் சர்க்கரை நோய் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டதே ஒரு நாய் கண்ட இடத்தில் ஒண்ணுக்குப் போனதால்தான்.

1889ஆம் ஆண்டு. ஸ்ட்ராஸ்பர்க் நகரம், அன்றைக்கு ஜெர்மனியின் கையில் இருந்தது. யோசஃப் ஃபான் மெரிங், ஓஸ்கர் மின்கோவ்ஸ்கி என்று இரண்டு மருத்துவர்கள். கொழுப்புச் செரிப்பதில் கணையத்துக்கு என்ன வேலை என்று பார்ப்பதற்காக ஒரு நாயின் கணையத்தை முழுக்க அறுத்து எடுத்தார்கள். சர்க்கரை பற்றி அவர்களுக்கு நினைப்பே இல்லை. அறுவைக்குப் பிறகு, நன்றாகப் பழக்கிய அந்த நாய் ஆய்வுக்கூடத் தரையை நனைத்துக்கொண்டே இருந்தது. சரியாக வெளியே கூட்டிப் போவதில்லை என்று மின்கோவ்ஸ்கி வேலையாளைக் கடிந்துகொண்டார். கூட்டிப் போனாலும் திரும்பி வந்த உடனே மறுபடி போகிறது என்றார் வேலையாள். நம் வீட்டில் நடக்கிற அதே பேச்சுதான், பாருங்கள். ஆனால் மின்கோவ்ஸ்கி சட்டியை ஒளிக்கவில்லை. தரையில் இருந்ததை எடுத்துச் சோதித்தார். சர்க்கரை நிறைய இருந்தது. கணையத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவு அன்றைக்கு வெளிப்பட்டது. ஈ மொய்த்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். அது பிற்பாடு ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1921 கோடையில் கனடாவின் டொராண்டோவில் ஃபிரெடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். கணையம் எடுக்கப்பட்ட நாய்களுக்கு அதை ஏற்றிப் பார்த்தார்கள். 1922 ஜனவரியில் லியானர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. 1923இல் பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு. இன்றைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் வயிற்றில் குத்திக்கொள்ளும் ஊசிக்காக எத்தனையோ நாய்கள் உயிரை விட்டிருக்கின்றன. அந்தக் கடனை நினைத்தாவது, சர்க்கரை வந்த நாயை "வயசாயிடுச்சு, விடுங்க" என்று கைவிடாமல் இருக்கலாம்.

நாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 200 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. சர்க்கரை வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. எனவே தாகம். அகோரப் பசி, ஆனால் விலா எலும்பு தெரிய இளைக்கும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் பெரும்பாலும் சர்க்கரைதான். கொஞ்ச மாதம் போனால் கண்ணில் வெள்ளை விழும். சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓரிரு ஆண்டுக்குள் கண்புரை வந்துவிடுகிறது. கண் தெரியாமல் நாய் கட்டிலில் முட்டிக்கொண்ட பிறகு அழைத்து வருகிறவர்கள்தான் அதிகம்.

மனிதர்களுக்கு மாத்திரையிலேயே பல வருஷம் ஓடும். நாய்க்கு ஓடாது. நாய்க்கு வருகிற வகையில் கணையம் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிறது. ஆகவே அப்பாவின் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் இன்சுலின் வேலையைச் செய்யாது. ஊசிதான் வழி, வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் அமைப்பில் ஒன்றேதான் என்பது ஒரு வேடிக்கை. ராத்திரியெல்லாம் நாய் துரத்துகிற அதே சாதி.

ஊசி போடுகிற வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மருந்துக்கடைகளில் இன்சுலின் 40 யூனிட் புட்டியிலும் வரும், 100 யூனிட்டிலும் வரும். சிரிஞ்சும் அதேபோல் இரண்டு வகை. 40க்கு 40, 100க்கு 100 என்று பொருந்த வேண்டும். 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். நாய் தள்ளாடும், வலிப்பு வரும். அப்படி ஆனால் நம்மூர் மலைத்தேன் இருக்கிறதே, அதை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். நினைவில்லாத நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். தடவிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நாய் தீனி தின்னவில்லை என்றால் வழக்கமான அளவு ஊசியைப் போட்டுவிடாமல் கேட்டுக்கொண்டு போடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு, ஒரே வகைத் தீனி. பலாப்பழக் காலத்தில் வீடு முழுக்கச் சுளை கிடக்கும், நாயும் ஆசையாகத் தின்னும். சர்க்கரை நாய்க்கு அது கிடையாது, மலை வாழைப்பழமும் கிடையாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் இன்சுலின் வைக்கலாம். புழக்கத்தில் இருக்கும் புட்டி, சூடு படாத இடத்தில், ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். இந்த மலையின் குளிர்ச்சி அதற்கு நல்ல துணை. அடுப்புக்கு மேல் பரணில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைபெட்டியிலும் வைக்காதீர்கள்.

அடுத்தது, பெட்டை நாய் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. சர்க்கரையைவிட இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில் கொஞ்ச நாளிலேயே உயிர் போய்விடும். கருப்பையில் சீழ் பிடிப்பது. பருவத்துக்கு வந்து அடங்கிய பிறகு நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் வரும். நடுவயசு தாண்டிய, கருத்தடை செய்யாத நாய்களில் அதிகம். அடையாளம் என்ன தெரியுமா? தாகம்தான். கருப்பையில் பெருகும் கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, நான் முன்னே சொன்ன ஹார்மோன் உத்தரவைச் சிறுநீரகம் கேட்க முடியாதபடி செய்துவிடுகிறது. நாய் சட்டி சட்டியாகக் குடிக்கும், சோற்றை ஒதுக்கும், வாந்தி எடுக்கும்.

ஒரு அம்மா நாயைக் கொண்டுவந்தார். "சினையா இருக்குதுங்க, வயிறு இறங்கியிருக்குது, பின்னாடி ஈரமா வருது, குட்டி போடப் போகுதுன்னு நினைக்கிறேன்" என்றார். எப்போது பருவத்துக்கு வந்தது என்று கேட்டேன். ஒன்றரை மாதம் இருக்கும் என்றார். ஆண் நாயோடு சேர்ந்ததா? "இல்லீங்க, உள்ளேயே பூட்டி வெச்சிருந்தோம்." பிறகு சினை எப்படி வரும்? பின்புறம் நக்கி நக்கிச் சுத்தமாக வைத்திருந்தது அந்த நாய். வாலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தொடைமுடியில் பழுப்பாகக் காய்ந்த சீழ் தெரிந்தது. வெளியே வந்ததால் அந்த நாய்க்குப் பிழைக்க நேரம் கிடைத்தது. கருப்பை வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிட்டால், ஒன்றும் வெளியே தெரியாமல் வயிறு மட்டும் வீங்கும். அது இன்னும் ஆபத்து. அறுவை செய்து கருப்பையை எடுப்பதுதான் நம்பகமான சிகிச்சை. முன்கூட்டியே கருத்தடை செய்துவிட்டால் இந்த நோய்க்கு இடமே இல்லை. குட்டி வேண்டாம் என்று சிலர் பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். அது கருப்பைச் சீழுக்கும் சர்க்கரைக்கும் கதவைத் திறந்துவிடுகிற ஊசி. அறுவைச் செலவுக்குப் பயந்து அந்த ஊசிக்குப் போகாதீர்கள்.

மழைக்காலத்துக்கு வருவோம். எலிக்காய்ச்சல் என்று மனிதர்களுக்குச் சொல்கிறோமே, லெப்டோஸ்பைரோசிஸ், அது நாய்க்கும் உண்டு. எலி மூத்திரம் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் அந்தக் கிருமி உயிரோடு இருக்கும். புண் வழியாகவோ, வாய், மூக்கின் மென்மையான தோல் வழியாகவோ உள்ளே போகும். நெல் வயலின் பள்ளத்திலும், சாமை கொட்டி வைத்த அறையில் எலி பிடிக்கும்போதும் நாய்க்கு வருகிறது. காய்ச்சல், சோர்வு, வாந்தி, சில நேரம் காமாலை. சிறுநீரகம் அடிபட்டால் சில நாய்கள் அளவில்லாமல் குடித்து அளவில்லாமல் போகும். சிலவற்றுக்குச் சிறுநீரே நின்றுபோகும், அது அதைவிட மோசம். கவனியுங்கள், இப்படிப்பட்ட நாயின் மூத்திரத்திலிருந்து உங்களுக்கும் வரும். வெறுங்கையால் துடைக்காதீர்கள். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். வருஷா வருஷம் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் பெரும்பாலும் இதற்கும் மருந்து சேர்ந்திருக்கும். சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் வந்தால் உண்ணியால் வருகிற ரத்தக் காய்ச்சலாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான். உண்ணிக் காய்ச்சலில் இன்னொரு வகை உடம்பில் பதுங்கி நாள்பட்டுப் போனால், சிறுநீரகத்தின் சல்லடையைக் கெடுத்து, புரதத்தை ஒழுகவிடும்.

கிழட்டு நாயின் சிறுநீரகத் தேய்வு பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு செத்த பிறகுதான் நீரைச் சேமிக்கும் திறமை போய்த் தாகம் கூடுகிறது. நாலில் மூன்று பங்கு செத்த பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுகிறது. அதாவது, ஆய்வகச் சீட்டு சொல்வதற்கு முன்பே தண்ணீர்ச் சட்டி சொல்லிவிடுகிறது. அளந்து பார்க்கிற வீட்டு நாய்க்கு அந்த இடைவெளியில் தீனியை மாற்றி, மருந்து கொடுத்து, நல்ல ஆயுளை நீட்டிக்க முடியும்.

இந்தத் தேய்வை நாமே கைகொடுத்துக் கூட்டுவதும் உண்டு. நாய் நொண்டினால் பாட்டியின் முட்டிவலி மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறோம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டுமே நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாக ஒழித்தது இதே டைக்ளோஃபெனாக்தான். மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து விழுந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. மாட்டுக்கே வேண்டாம் என்று நிறுத்தியதை நாய்க்கு ஏன் கொடுப்பானேன்? பாயசத்திலிருந்து எடுத்துப் போடும் உலர்திராட்சையும் நாய்ச் சிறுநீரகத்துக்கு ஆகாது.

அரிப்புக்குக் கொடுக்கிற பிரட்னிசோலோன் மாத்திரை வேறு கதை. மழையில் சொறி வந்தால் யாரோ கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அரிப்பு நின்றுவிடும். தாகம் தலைவிரித்தாடும். அந்த மாத்திரையின் குணமே அது. பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், பல நாள் கொடுத்திருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் கொடுத்தால் வயிறு தொங்கி, முடி கொட்டி, தோல் காகிதமாகிவிடும். மாத்திரை எதுவும் தராமலே இதே உருவத்துக்கு வரும் நாய்களுக்கு உடம்புக்குள்ளேயே அந்த மாத்திரையைப் போன்ற ஒரு ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரக்கிறது. குஷிங் நோய் என்பார்கள். பரிசோதனை நீளம், சிகிச்சையும் நீளம்.

தண்ணீர் என்று பேச்சு வந்தபின் இதைச் சொல்லாமல் போனால் பாவம் சேரும். "நாய் தண்ணி குடிக்குது, அதனால வெறி இல்லை" என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தண்ணீரைக் கண்டு மிரளுவது வெறிநோய் வந்த மனிதனின் அடையாளம். வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு மிரளுவதில்லை. தொண்டை மரத்துப்போகும் வரை அது குடிக்கவும் முயலும். கடித்த நாய் குடிக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே போய்விடுங்கள்.

இனி, டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டு போவது? மூன்று நாள் தண்ணீர்க் கணக்கு எழுதிய சீட்டு. கொடுத்த மாத்திரைகளின் அட்டை, யார் கொடுத்ததானாலும் சரி. பெட்டை நாய் என்றால் கடைசியாகப் பருவத்துக்கு வந்த மாதம். பிறகு காலை முதல் மூத்திரம். எப்படிப் பிடிப்பது என்று சிரிக்கிறீர்கள். நீளக் கைப்பிடி உள்ள குழம்புக் கரண்டியைக் கழுவிக் காயவைத்து, அது நீங்கள் இனிச் சமையலுக்கு எடுக்காத கரண்டியாக இருக்கட்டும், நாய் விடத் தொடங்கிய பிறகு மெல்ல நீட்டுங்கள். முன்கூட்டி நீட்டினால் நாய் நிறுத்திவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். சுத்தமான சின்ன டப்பாவில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். தாமதமாகும் என்றால் ஐஸ் பக்கத்தில் வையுங்கள். டாக்டர் அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு சின்னக் குழலுக்குள் பார்ப்பார். அடர்த்தி 1.030க்கு மேல் நின்றால் நீரைச் சேமிக்கும் திறமை இருக்கிறது என்று பொருள். 1.008க்கும் 1.012க்கும் இடையிலேயே நின்றுகொண்டிருந்தால் சிறுநீரகம் வடிகட்டுகிறது, ஆனால் சேமிக்கவில்லை. பிறகு ஒரு வண்ணக் காகிதத்தைத் தோய்த்து அரை நிமிஷம் பார்ப்பார், சர்க்கரை இருந்தால் கட்டம் நிறம் மாறும். இந்த இரண்டு சோதனையும் சில ரூபாய்ச் சமாச்சாரம். பாதி நோய்களைப் பிரித்துவிடலாம்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அறுவை என்று போக வேண்டியிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1985இல் தொடங்கியது. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903இல் தொடங்கியது, அங்கே போக வேண்டியிருந்த நோய்களுக்கு நமக்கு மலையடிவாரத்துக்குக் கிட்டவே இடம் இருப்பது பாக்கியம். கால்நடை ஆம்புலன்ஸ் உதவி எண் 1962, போனில் பதித்து வையுங்கள்.

காரவள்ளிக்கு இறங்கும்போது எழுபது கொண்டை ஊசி வளைவு. மனிதனுக்கே குடல் வாய்க்கு வரும். நாய்க்குக் கிளம்பும் முன் வயிறு முட்டத் தீனி போடாதீர்கள். இன்சுலின் போடுகிற நாய் என்றால் மட்டும் தீனியையும் ஊசியையும் பற்றி முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை எந்த நாய்க்கும் நிறுத்த வேண்டாம். பாட்டிலும் சட்டியும் வண்டியில் இருக்கட்டும். காளப்பநாயக்கன்பட்டியில் நீங்கள் டீக்கு இறங்கும்போது நாயையும் இறக்கிக் குடிக்கவிடுங்கள். எவ்வளவு குடித்தது என்று அந்தச் சீட்டிலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.